பட்டத்துக்குப் பின்னும் ஜெர்மன் நிலைக்க

கேள்வி: ஐதராபாத்தில் இளங்கலை ஜெர்மன் இறுதியாண்டு படிக்கிறேன். மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை; ஆனால் விடுமுறையில் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. பட்டம் பெற்றபின் எல்லாம் மறந்துவிடுமா? கூடவே ஜப்பானிய மொழியையும் தொடங்கலாமா?

பதில்: பள்ளியிலோ கல்லூரியிலோ ஸ்பானிஷ் பயின்ற 700-க்கும் மேற்பட்டவர்களை, சிலரைப் படிப்பை விட்டு 50 ஆண்டுகள் கழிந்த நிலையிலும், சோதித்து அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். முதல் 3 முதல் 6 ஆண்டுகளில் மறதி வேகமாக நிகழ்ந்தது. அதன்பின் எஞ்சியது ஏறத்தாழ 30 ஆண்டுகள் பெரிதாகக் குறையவில்லை. எவ்வளவு எஞ்சும் என்பது, படிப்பை நிறுத்தியபோது எட்டியிருந்த நிலையையே பெரிதும் சார்ந்திருந்தது. ஆகவே ஜப்பானிய மொழியை ஒத்திவைத்து, ஜெர்மனை ஒரு படி மேலே கொண்டுசெல்வதே இந்த ஆண்டுக்கு உகந்தது என்பது என் கருத்து.

விடுமுறையில் புத்தகம் திறக்காததைச் சோம்பல் என்று நான் கொள்ளமாட்டேன். எதைப் படிப்பது, எப்போது படிப்பது, படித்தது சரியா என்பதையெல்லாம் இதுவரை ஆசிரியரே முடிவுசெய்து வந்திருக்கிறார். இலக்கு வகுப்பது முதல் மதிப்பிடுவது வரையான இந்தப் பொறுப்புகளைக் கற்பவரே ஏற்கும் திறனைத்தான், 1981-இல் நூலாக வெளிவந்த தம் அறிக்கையில் பிரெஞ்சு அறிஞர் ஆன்றி ஒலெக் தன்னாட்சி என்று விளக்கினார். ஆர்வம் மட்டும் இருந்து இந்தப் பழக்கம் இல்லாதவர்கள், வகுப்பு நின்றதும் தாங்களும் நின்றுவிடுகிறார்கள்.

மதிப்பிடுவதிலிருந்து தொடங்குங்கள். ஜெர்மனியின் டாய்ச்ச வெலே ஒலிபரப்பு நிறுவனம், ஜெர்மனில் மெதுவாக வாசிக்கப்படும் செய்திகளை எழுத்து வடிவத்துடன் இலவசமாக வெளியிடுகிறது. எழுத்தைப் பார்க்காமல் ஒரு செய்தியைக் கேட்டு, மூன்று வாக்கியங்களை எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். வாக்கிய இறுதியில் தனித்து நிற்கும் வினை முன்னொட்டையோ, பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'டெர்', 'டெம்' என்ற சிறுசொற்களின் வேறுபாட்டையோ தவறவிட்டிருப்பீர்கள். அந்தப் பிழைகளை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிவந்தால், ஒரே பிழை மீண்டும் மீண்டும் தலைகாட்டுவது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லும்.

தேர்வு என்ற உந்துதல் வேண்டுமானால், ஜெர்மன் மொழியைக் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே நிறுவனத்தின் பி2 (ஆறு நிலைகளில் நான்காவது) தேர்வுக்கு இப்போதே தயாராகுங்கள். வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் ஆகியவை தனித்தனிப் பகுதிகள் என்பதால், தவறியதை மட்டும் மீண்டும் எழுதலாம். சான்றிதழ் ஈராண்டுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் கேட்பதால், மேற்படிப்புத் திட்டம் இருந்தால் காலத்தையும் கணக்கிட்டு எழுதுங்கள்.