வாடாமல்லி – ஒரு கடிதம்

வணக்கம். பெங்களூர் அல்சூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். தருமபுரியிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய வாடாமல்லி விதையைத் தொட்டியில் போட்டேன், மாதாமாதம் யூரியாவும் போடுகிறேன். செடி இலையாய் நிற்கிறது, பூ நாலே நாலு. "வாசமும் இல்லை, தொட்டால் காகிதம், இதைப் போய் வளர்க்கிறாயே" என்கிறார் மாமியார். இது நிஜமாகவே வாடாதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் யூரியாவை நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் வரும். வெயிலும் போதவில்லை என்று நினைக்கிறேன், இதற்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும், அதனால் தொட்டியை கிரில் ஓரத்துக்கு நகர்த்தி, நுனிகளைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகள் வந்தால் கிளைக்குக் கிளை பூக்கும்.

உங்கள் மாமியார் சரியாகத்தான் தொட்டுப் பார்த்திருக்கிறார். அந்த உருண்டையில் கலராக இருப்பது இதழே இல்லை, பூவடிச் செதில்கள். நிஜப் பூ அந்தச் செதில்களுக்கு நடுவே வெள்ளையும் மஞ்சளுமாகக் கடுகளவுக்கு எட்டிப்பார்க்கும், அது எல்லாப் பூவையும் போல வாடத்தான் செய்கிறது. செதில் மட்டும் செடியில் இருக்கும்போதே ஈரமில்லாமல் காய்ந்து இருப்பதால், பறித்த பிறகு சுருங்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை. வாசம் இல்லாததும் நியாயம்தான், மல்லி என்று பெயரே தவிர மல்லிகைக்கு இது உறவே கிடையாது. முளைக்கீரையும் கோழிக்கொண்டையும்தான் இதற்குப் பங்காளிகள், பீட்ரூட்டின் சிவப்பும் இதன் நிறமும்கூட ஒரே வகை நிறமி. பூர்வீகம் மத்திய அமெரிக்கா. ஆனாலும் நம் ஊரில் கடைக்குப் போய் "வாடாமல்லி கலர்ல சேலை காட்டுங்க" என்றால் யாரும் என்ன கலர் என்று திரும்பக் கேட்பதில்லை, எங்கிருந்தோ வந்த செடிக்கு இதைவிட வேறென்ன மரியாதை வேண்டும்!

பூ நன்றாக விரிந்ததும், உருண்டை நீளமாகத் தொடங்கும் முன்பே, காம்போடு வெட்டி, இலைகளைக் கிள்ளிவிட்டுச் சின்னச் சின்னக் கட்டாகத் தலைகீழாய்த் தொங்கவிடுங்கள். இருட்டான, காற்றோட்டமான இடம் வேண்டும், வெயிலில் காயவைத்தால் கலர் வெளுத்துவிடும். போன ஆகஸ்ட் மழையில் சமையலறைப் பக்கம் பெரிய கட்டாகத் தொங்கவிட்டேன், உள்ளே பூசணம் பிடித்து முழுக்கப் போயிற்று, எனக்கு மனசே ஆறவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்துவிடும், அப்புறம் பல மாதம் இருக்கும்.

இது ஒரு பருவத்துச் செடி. அதனால் நாலைந்து உருண்டையைச் செடியிலேயே விட்டுவைத்து, பழுப்பானதும் கசக்குங்கள், பஞ்சு ஒட்டிய விதை வரும். அம்மாவுக்கும் கொஞ்சம் அனுப்புங்கள்.