விவாகரத்தான ஜோடி மறுபடி சேர்வது ஒட்டவில்லை என்கிறார்களா?

உங்கள் கதையில் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்கிப் பிரிந்த கணவன் மனைவி, நான்கு வருடம் கழித்து அவனுக்கு விபத்து நடந்து, ஆஸ்பத்திரியில் பார்த்துச் சேர்கிறார்கள், வாசகர்கள் நம்பவில்லை, எங்கே தப்பு என்று கேட்டிருந்தீர்கள். விபத்துதான் தப்பு, எடுத்துவிடுங்கள். அடிபட்டுக் கிடப்பவனைப் பார்த்து அவளுக்கு வருவது இரக்கம். பிரிந்த காரணமோ, அவன் அம்மா அவளைப் பேசும்போதெல்லாம் அவன் வாயைத் திறக்காமல் இருந்தது, அப்படியே இருக்கிறது. அதே மாதிரி ஒரு சந்தர்ப்பத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள், இந்த முறை அவன் பேசட்டும், அதுவும் அவள் அங்கே இல்லாதபோது பேசட்டும், அவளுக்கு வேறு யார் மூலமாகவோ தெரியவரட்டும். உடனே உருகவும் வேண்டாம். தனியாக வீடு பிடித்து, வேலை தேடி நிமிர்ந்தவள், அவள் கோபத்துக்கு ஒரு முழு அத்தியாயமாவது கொடுங்கள்.

அப்புறம், கடைசியில் நீதிமன்றம் விவாகரத்தை ரத்து செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வருடம் கழித்து அது வேண்டாம், அவர்கள் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளலாம்.

இல்லையென்றால் கதையையே விவாகரத்துத் தீர்ப்புக்கு முன்னால் நகர்த்துங்கள். 1955 இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில், அதாவது பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு, மனு போட்டபின் 6 மாத இடைவெளி உண்டு (2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சில வழக்குகளில் தளர்த்துகிறார்கள்), தீர்ப்பு வருமுன் ஒருவர் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். அந்த 6 மாதத்துக்குள் கதை நடந்தால் தேதி நெருங்குகிற பதற்றமே போதும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. மாற்றி எழுதினால் இங்கே போடுங்கள், கட்டாயம் படிக்கிறேன்.