ரிலீஸ் எப்போ சார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு கோட் ஃபார்மேட்டரை (கோடை ஒரே சீரா அடுக்கிக் கொடுக்கற டூல்) ஓப்பன் சோர்ஸா நடத்துறோம் சார், எல்லாருக்கும் பகல்ல வேற வேலை. அடுத்த வெர்ஷனுக்குன்னு பெரிய லிஸ்ட் ஒண்ணு போட்டோம், முக்காவாசி முடிஞ்சு மாசக்கணக்காச்சு, மீதி மூணு ஐட்டம் இழுத்துக்கிட்டே கிடக்கு. முடிஞ்சதை மட்டும் விட்டுடலாமா, இல்ல எல்லாம் முடியட்டும்னு காத்திருக்கலாமா?

பதில்: விட்டுடுங்க. முடிஞ்ச கோட் யார் கைக்கும் போகாம உள்ளேயே கிடந்தா அது பத்திரமா இருக்குன்னு நினைக்காதீங்க, யாரும் ஓட்டிப் பார்க்காததால அதுல இருக்கற பக் ஒண்ணும் வெளியே வராது, அப்புறம் அந்த மூணு ஐட்டத்தையும் சேர்த்து ஒரே மூட்டையா விடும்போது எது எதை உடைச்சுதுன்னு தேடறதுக்கே தனி ரிலீஸ் போடணும்.

இனிமே லிஸ்ட்டை வச்சு பிளான் பண்ணாம தேதியை வச்சு பண்ணுங்க. ரஸ்ட்ங்கற புரோகிராமிங் மொழியில 2015 மே மாசம் 1.0 வந்ததுல இருந்து ஆறு வாரத்துக்கு ஒரு ஸ்டேபிள், அதாவது எல்லாரும் நம்பி யூஸ் பண்ற வெர்ஷன் வருது. தினமும் வர்ற சோதனை வெர்ஷனான நைட்லில இருக்கறது பீட்டா, அதாவது வெளியீட்டுக்கு முந்தின சோதனை வெர்ஷன் ஆகும், பீட்டால இருக்கறது ஸ்டேபிள் ஆகும், தயாராகாத ஃபீச்சர் அடுத்த ட்ரெய்னுக்கு நிக்கும், அவ்வளவுதான். இதுல பெரிய லாபம் வேகம் இல்லீங்க, "இந்த தடவை விட்டா அடுத்தது எப்போன்னே தெரியாது"ங்கற பயம் போயிடுது, அந்த பயத்துலதான் கடைசி வாரத்துல அரைகுறை கோடெல்லாம் உள்ளே நுழையும். பைத்தான் மொழியும் அப்படித்தான், முன்னாடி சுமார் ஒன்றரை வருஷத்துக்கு ஒரு வெர்ஷன், 2020 அக்டோபர்ல வந்த 3.9ல இருந்து வருஷா வருஷம் அக்டோபர்னு மாத்திட்டாங்க. எல்லாரும் அக்டோபரைத்தான் பார்ப்பாங்க, ஆனா வேலை செய்யறவங்களுக்கு முக்கியமான தேதி மே மாசம்தான், முதல் பீட்டா அப்பதான் வரும், அதுக்கப்புறம் புது ஃபீச்சருக்கு கதவு சாத்தியாச்சு, மிச்ச மாசமெல்லாம் பக் பார்க்கறதுக்கு. நீங்களும் ரிலீஸ் தேதிய மட்டும் எழுதி வைக்காம கதவு சாத்தற தேதியையும் சேர்த்து எழுதி வைங்க, அது இல்லாத பிளான் பிளானே இல்ல.

நாலு பேருக்கு ஆறு வாரமெல்லாம் அதிகப்படி. மூணு மாசத்துக்கு ஒண்ணு போதும், பைத்தான் பேக்கேஜை இன்ஸ்டால் பண்ற பிப் கூட ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்னு அப்படித்தான் வருது. தேதி தள்ளவே கூடாதான்னு கேட்பீங்க. உபுண்டுங்கற லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டமே 2006 ஏப்ரல்ல வரவேண்டியதை ஜூனுக்குத் தள்ளினாங்க, அது நீண்ட காலத்துக்கு சப்போர்ட் பண்ணப்போற முதல் வெர்ஷன்ங்கறதால இன்னும் மெருகேத்தணும்னு முன்கூட்டியே சொல்லிட்டே தள்ளினாங்க, அவங்க நம்பர்ல முதல்ல வருஷம், அப்புறம் மாசம், அதனாலதான் அது 6.04 ஆகாம 6.06 ஆச்சு. அப்படி காரணம் சொல்லி ஒரு தடவை தள்ளறது தப்பில்ல, சத்தமே இல்லாம தேதி நழுவறதுதான் தப்பு.

கேள்வி: கதவு சாத்தின பிறகு வர்ற புல் ரிக்வெஸ்ட்டை, அதாவது "என் கோடைச் சேர்த்துக்கோங்க"ன்னு வெளியாளுங்க அனுப்பறதை என்ன பண்றது? வேண்டாம்னு சொன்னா புதுசா வந்தவங்க கோவிச்சுக்கிட்டு போயிடறாங்க.

பதில்: வேண்டாம்னு சொல்லாதீங்க, "அடுத்ததுல"ன்னு லேபிள் ஒட்டி ரிவ்யூ மட்டும் உடனே பண்ணிடுங்க. ஆளுங்க கோவிச்சுக்கறது கோட் உள்ளே சேரலைன்னு (மெர்ஜ் ஆகலைன்னு) இல்ல, வாரக்கணக்குல யாருமே பதில் பேசலைன்னுதான். கோட் மாற்றங்களைப் பதிவு பண்ணி வைக்கற கிட் டூலோட ப்ராஜெக்ட்ல புது வேலையெல்லாம் முதல்ல 'நெக்ஸ்ட்'ங்கற பிராஞ்சுல (கோடோட தனிக் கிளை) கொஞ்ச நாள் கிடந்து ஊறும், நல்லா இருக்குன்னு தெரிஞ்சப்புறம்தான் 'மாஸ்டர்'க்கு வரும். ரிலீஸ் நெருங்கும்போது நெக்ஸ்ட்ல இருக்கறது அங்கேயே இருக்கும், யாரும் அவசரப்படறதில்ல. உங்க சைஸுக்கு தனி பிராஞ்செல்லாம் பராமரிக்கறது சுமைதான், ரெண்டு வாரம் மட்டும் முக்கியக் கிளையான மெயினையே பூட்டிட்டா போதும்னு எனக்குத் தோணுது. பூட்டற காலம் சின்னதா இருந்தா யாரும் முணுமுணுக்க மாட்டாங்க.

கேள்வி: அடுத்தது 1.9ஆ 2.0ஆன்னு எங்களுக்குள்ள ஒரே சண்டை. 2.0ன்னா ஆளுங்க திரும்பிப் பார்ப்பாங்கல்ல?

பதில்: திரும்பிப் பார்ப்பாங்க, பார்த்துட்டு அப்டேட் பண்ணாம போயிடுவாங்க. முதல் நம்பர் மாறினா "ஏதோ உடையப்போகுது"ன்னுதான் அர்த்தம், விளம்பரத்துக்கு அதைத் தொடாதீங்க. பைத்தான் 3.0 வந்தது 2008 டிசம்பர்ல, பழைய 2க்கு 2015லயே மூடுவிழான்னு முதல்ல சொல்லிட்டு அப்புறம் 2020 ஜனவரி 1 வரைக்கும் நீட்டினாங்க, அவ்வளவு பெரிய கூட்டமே பதினோரு வருஷம் ரெண்டு வண்டிய ஓட்டியிருக்கு.

உங்களோடது ஃபார்மேட்டர்ங்கறதால இன்னொண்ணு இருக்கு. ஃபார்மேட்டர்ல பக் ஃபிக்ஸ் பண்ணாலே அவுட்புட் மாறலாம், அவுட்புட் மாறினா அதை யூஸ் பண்ற ஒவ்வொரு டீம்லயும் ஆயிரம் வரி சும்மா சும்மா மாறி பில்டு சிவப்பாகும், அதாவது தானியங்கி சோதனை ஃபெயில் ஆகும். பிளாக்ங்கற பைத்தான் ஃபார்மேட்டர் இதுக்கு அழகா ஒரு வழி வச்சிருக்கு, ஒரு காலண்டர் வருஷத்துக்குள்ள ஸ்டைல் மாறாது, மாத்த நினைக்கறதெல்லாம் ப்ரிவியூ ஆப்ஷனுக்குப் பின்னால இருக்கும், வருஷத்தோட முதல் ரிலீஸ்ல சேர்த்து வரும். இதை அப்படியே எடுத்துக்கலாம் நீங்க, உங்க நம்பர் சண்டையில பாதி அங்கேயே அடங்கிடும்.

கேள்வி: வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் பண்ணலாமா? எங்களுக்கு அப்பதான் நேரம் கிடைக்குது.

பதில்: கூடாது. டேக் போட்டு (வெர்ஷன் நம்பரைக் கோட்ல குறிச்சு) எல்லாத்தையும் ரெடியா வச்சுட்டு திங்கட்கிழமை பட்டனை அமுக்குங்க.

கேள்வி: ஒருத்தர் "பேரலல் ரன் (ஒரே நேரத்துல பல ஃபைலை ஓட்டறது) நான் பண்றேன்"னு சொன்னார், ரோட்மேப்ல அவர் பேரைப் போட்டு அறிவிச்சும் ஆச்சு, இப்ப ஆளையே காணோம். சம்பளம் வாங்காத ஆளை எப்படி சார் கேக்கறது?

பதில்: கேக்காதீங்க, அவருக்கு என்ன கஷ்டமோ. "நேரம் இல்லைன்னா பரவாயில்ல, இதுவரைக்கும் எழுதினதை அப்படியே போட்டு வைங்க, வேற யாராவது எடுத்துக்கட்டும்"னு ஒரு வரி அனுப்புங்க, பெரும்பாலும் அதுக்குத்தான் அவரும் காத்துக்கிட்டிருப்பார், வெட்கப்பட்டுக்கிட்டு பேசாம இருப்பார். அடுத்த தடவை ரோட்மேப்பை ரெண்டா பிரிச்சுடுங்க, கோட் கையில இருக்கறது ஒரு பக்கம், ஆசைப்படறது இன்னொரு பக்கம், ஆசைப் பக்கத்துல தேதியும் வேண்டாம் பேரும் வேண்டாம்.

கேள்வி: பழைய வெர்ஷனை எவ்வளவு நாள் தாங்கணும்? இன்னும் 1.2ல இருக்கறவங்க பக் போடறாங்க.

பதில்: கோ (Go)ங்கற புரோகிராமிங் மொழி ஆறு மாசத்துக்கு ஒரு ரிலீஸ் விடுது, கடைசி ரெண்டு ரிலீஸுக்குத்தான் ஃபிக்ஸ். அவ்வளவு பெரிய டீமே அதோட நிறுத்திக்குது. நீங்க லேட்டஸ்ட் மட்டும்னு சொல்லுங்க, செக்யூரிட்டி ஓட்டைன்னா மட்டும் அதுக்கு முந்தினதுக்கும் ஒரு பேட்ச். இதை ப்ராஜெக்ட்டோட அறிமுகக் குறிப்பான ரீட்மீ ஃபைல்ல மேலேயே எழுதிட்டு 1.2 பக் எல்லாத்துக்கும் அந்த லிங்கைக் கொடுத்து மூடுங்க, ஆனா மூடறதுக்கு முன்னாடி அது லேட்டஸ்ட்லயும் வருதான்னு ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடுங்க.