பிசகும் இடத்தில்தான் கதை

கேள்வி: நிஜக் கொள்ளைகளைத் தழுவிய கதைகளில் அப்படி என்ன ஈர்ப்பு?

பதில்: கற்பனைத் திருடனின் திட்டம் பிசகுவதில்லை, அதுதான் அலுப்பு. நிஜத்தில் அற்பக் காரணத்தால் பிசகும். 1963 ஆகஸ்ட் 8 அன்று இங்கிலாந்தில் தபால் ரயிலை மறித்தவர்கள் பச்சை சிக்னலைக் கையுறையால் மூடி, பேட்டரியில் சிவப்பு விளக்கை எரியவிட்டார்கள். எவ்வளவு எளிது! ஆனால் கூட்டிவந்த மாற்று ஓட்டுநருக்கு அந்த டீசல் எஞ்சினை நகர்த்தத் தெரியவில்லை. சுமார் 26 லட்சம் பவுண்டு கிடைத்தும், பதுங்கிய பண்ணை வீட்டில் விட்ட கைரேகைகள் காட்டிக்கொடுத்தன.

2015-ல் லண்டனின் நகைக்கடைப் பகுதியான ஹாட்டன் கார்டனில், ஒரு பாதுகாப்புப் பெட்டக நிறுவனத்தைக் கொள்ளையடிக்க 50 செ.மீ. கான்கிரீட் சுவரில் மூன்று துளைகளை ஒன்றையொன்று தொடும்படி போட்டார்கள். மறுபுறம் லாக்கர் அலமாரி அசையவில்லை. தள்ளும் ஹைட்ராலிக் கருவி உடைந்தது. வெறுங்கையோடு போய், வேறு கருவியோடு திரும்பி வந்தார்கள். அவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள் என்பது எந்த எழுத்தாளருக்கும் தோன்றியிருக்காது.

கேள்வி: இப்படியொன்று எழுத ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: பிடிபட்ட இடத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். 2003-ல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் நடந்த வைரக் கொள்ளையில் பெட்டகத்தையே ஏமாற்றியவர்கள், நெடுஞ்சாலையோரம் வீசிய குப்பையால் மாட்டினார்கள். குப்பையை எரிக்கப் பொறுமையில்லாத அந்த ஆள்தான் உங்கள் பாத்திரம். பெட்டக நுட்பம் இரண்டு பக்கம் போதும். 1963 கொள்ளையில் தலையில் அடிபட்ட, அந்த ரயிலின் உண்மையான ஓட்டுநரை மட்டும் கதையிலிருந்து தள்ளிவிடாதீர்கள், பலர் தள்ளிவிடுகிறார்கள்.