அலையில் நிற்கத் தெரிந்த பிறகு சுழலலாம்

ஃப்ரீஸ்டைல் கயாக்கிங் பற்றிக் கேட்டவர்களுக்கு இந்த இதழில் பதில். கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் உட்கார்ந்து, ஓடும் ஆற்றில் ஒரே அலையில் நின்றபடி படகைச் சுழற்றுவது (ஸ்பின்), செங்குத்தாக நிறுத்துவது, படகோடு குட்டிக்கரணம் அடிப்பது (லூப்), இதெல்லாம் சேர்ந்ததுதான் ஃப்ரீஸ்டைல். போட்டி என்றால் ஒரு முறைக்கு 45 விநாடி, அதற்குள் எத்தனை வித்தைகளைச் சுத்தமாகச் செய்கிறீர்கள் என்பதற்கு மதிப்பெண்.

கேள்வி: முட்டுக்காட்டில் கயாக் ஓட்டிப் பழகியிருக்கிறேன். வீடியோக்களில் லூப் அடிப்பதைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. ரிஷிகேஷ் போனால் நேராக அதைக் கற்றுக்கொள்ள முடியுமா? (வாசகர், சென்னை)

ரிஷிகேஷ் கட்டாயம் போங்கள், ஆனால் லூப்பை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

முதலில் ரோல். கவிழ்ந்த படகை உள்ளே உட்கார்ந்தபடியே நிமிர்த்துவது. ஃப்ரீஸ்டைல் பழகும்போது கவிழ்ந்துகொண்டேதான் இருப்பீர்கள், ஒவ்வொரு தடவையும் படகை விட்டு வெளியே வந்து நீந்திக் கரையேறினால் பாதி நேரம் தண்ணீரைக் கொட்டிக் காலி செய்வதிலேயே போய்விடும், உடம்பும் சோர்ந்துவிடும். ரோல் கையின் பலத்தில் வருவதில்லை, இடுப்பைச் சொடுக்குவதில் வருகிறது. தலை கடைசியாகத்தான் தண்ணீரை விட்டு வெளியே வர வேண்டும். மூச்சுக்குத் தவித்துத் தலையை முதலில் தூக்கினால் படகு மறுபடி கவிழும். இதைச் சென்னையிலேயே ஒரு நீச்சல் குளத்தில், ரோல் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகிவிடலாம்.

அப்புறம் எடி. ஆற்றில் பெரிய பாறைக்குக் கீழ்ப்புறம் தண்ணீர் திரும்பி, ஆறு வரும் திசையை நோக்கி மெதுவாக ஓடும், அந்த இடத்துக்குக் கயாக்காரர்கள் சொல்லும் பெயர்தான் எடி. அங்கிருந்து ஓட்டத்துக்குள் நுழையும்போது ஆறு போகும் பக்கமாகச் சாய்ந்து, ஆறு வரும் பக்கத்து விளிம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வளைவில் சைக்கிளைத் திருப்பும் பக்கமே சாய்க்கிறோமே, அதே கணக்கு. பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஓட்டம் படகின் மேலேறி ஒரே நொடியில் கவிழ்த்துவிடும். எடியிலிருந்து வெளியே போவது, திரும்ப உள்ளே வருவது, இரண்டையும் அலுக்கும் வரை செய்யுங்கள். ஆற்றின் வேகத்தை இடுப்பால் உணர ஆரம்பிப்பது இதில்தான். இதைத் தாண்டி ஓடிவிட்டவர்களுக்குப் பின்னால் எந்த வித்தையும் ஒழுங்காக அமைவதில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அதற்கு அடுத்ததுதான் ஃப்ரண்ட் சர்ஃப். கடல் அலை நகரும், ஆற்று அலை நின்ற இடத்திலேயே நிற்கும், தண்ணீர்தான் அதற்குள் புகுந்து ஓடுகிறது. படகின் முனை ஆறு வரும் திசையை நோக்கி இருக்கும்படி அலைச் சரிவில் உட்கார்ந்தால், சரிவு உங்களை முன்னால் வழுக்கவிடும், ஓட்டம் பின்னால் தள்ளும். இரண்டும் சமமானால் துடுப்பே போடாமல் நடு ஆற்றில் நிற்பீர்கள். முனை தண்ணீருக்குள் புதைகிறதா, கொஞ்சம் பின்னால் சாயுங்கள். அலை உங்களைப் பின்பக்கம் விட்டுவிடப் பார்க்கிறதா, முன்னால் குனியுங்கள். முனை இடப்பக்கம் ஓடினால் வலப்பக்கம் பின்னால் துடுப்பை ஊன்றி வெளிப்பக்கமாக மெல்லத் தள்ளினால் நேராகிவிடும். அவ்வளவுதான், ஆனால் இந்த அவ்வளவுக்கு எத்தனை நாள் கொடுத்தாலும் தகும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கங்கை பெருகி ஓடும், ராஃப்டிங் என்கிற ரப்பர் படகுச் சவாரியையே நிறுத்திவிடுவார்கள், அதனால் மழைக்காலம் முடிந்து அக்டோபர், நவம்பரில் போங்கள். ரிஷிகேஷுக்கு அருகே சிவபுரிப் பக்கம் பயிற்சி தருகிறவர்கள் இருக்கிறார்கள். ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் போன்ற பேர்பெற்ற ரேபிட்களை (ஆறு வேகமெடுத்து நுரைத்துப் பாயும் இடங்களை) பின்னால் பார்த்துக்கொள்ளலாம், ஆரம்பத்துக்குச் சின்ன அலை போதும்.

கேள்வி: ஃப்ரண்ட் சர்ஃப் நன்றாக வருகிறது. ஸ்பின் போடத் திருப்பினால், படகு குறுக்கே வந்ததுமே கவிழ்ந்துவிடுகிறது. என்ன தப்பு? (வாசகர், பெங்களூரு)

படகு குறுக்கே வரும்போது ஆறு வரும் பக்கத்து விளிம்பு தண்ணீரில் இறங்கிவிடுகிறது. பாதிச் சுற்றில் விளிம்பை மாற்றத்தான் பலர் மறக்கிறார்கள். இடப்பக்கமாகச் சுழல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பாதியில் உங்கள் வலது விளிம்புதான் ஆற்றை எதிர்கொள்ளும், அதைத் தூக்க வேண்டும். முகம் ஆறு போகும் திசைக்குத் திரும்பிய அந்தக் கணத்தைத் தாண்டியதும் இடது விளிம்பு எதிரில் வந்துவிடும், இப்போது அதைத் தூக்க வேண்டும். மாற்றம் அந்தக் கணத்திலேயே நடக்க வேண்டும், அரை நொடி தாமதித்தாலும் தலைகீழ்தான்.

இன்னொன்று, அலையின் அடியில் சுழலாதீர்கள். அங்கே வேகம் அதிகம், விளிம்பு உடனே மாட்டும். அலையின் உச்சிக்கு அருகே ஏறி, படகைத் தட்டையாக வைத்து, அங்கே ஆரம்பியுங்கள். கண்ணும் தோளும் முதலில் திரும்பட்டும், படகு பின்னால் வரும். முனையையே பார்த்துக்கொண்டிருந்தால் பாதியில் நின்றுபோகும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் தடுப்பணையில் தண்ணீர் வழிந்து விழும் இடம், வீடியோவில் வரும் ஹோல் மாதிரியே நுரைத்துச் சுழல்கிறது. அங்கே பழகலாமா? (வாசகர், ஈரோடு)

கூடாது. தயவுசெய்து படகோடும் வேண்டாம், படகில்லாமலும் வேண்டாம்.

ஹோல் என்பது தண்ணீர் கீழே விழுந்து, மேல்மட்டத்தில் திரும்பித் தன்மேலேயே புரளும் இடம். ஃப்ரீஸ்டைல் வித்தைகளில் பல ஹோலில்தான் நடக்கின்றன, அதனால் உங்களுக்கு அப்படித் தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஆனால் பழக ஏற்ற ஹோலுக்கு ஓரங்களில் வழி இருக்கும். ஆறு வரும் பக்கத்தில் நின்று ஆறு போகும் திசையில் பார்க்கும்போது நுரைக்கோட்டின் இரு ஓரமும் நம்மை விட்டு விலகி வளைந்து சிரிக்கிற வாய் மாதிரி இருந்தால், மாட்டிக்கொண்டாலும் ஓரத்துக்கு நகர்ந்து வெளியேறிவிடலாம். ஓரங்கள் நம்மை நோக்கி வளைந்திருந்தால் ஆறு உங்களை நடுவுக்கே திரும்பத் தள்ளிக்கொண்டிருக்கும், அந்த ஹோலை விட்டு விலகிப் போங்கள்.

தடுப்பணையில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே அளவாக விழுகிறது, ஓரம் என்று ஒன்றே இல்லை. இரு முனையிலும் சுவர். உள்ளே போனவரை அது இழுத்து, அமுக்கி, மேலே விட்டு, மறுபடி இழுத்துக்கொண்டே இருக்கும். நுரையில் பாதி காற்று என்பதால் லைஃப் ஜாக்கெட்டும் முழுதாகத் தாங்காது. காப்பாற்றக் குதித்தவர்களையும் சேர்த்துத் தடுப்பணைகள் எத்தனை உயிர்களை வாங்கியிருக்கின்றன, செய்தித்தாள் படிக்கிற உங்களுக்குத் தெரியாதது இல்லை.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், சாட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே இருந்த பழைய அணைகளை உடைத்துவிட்டு, பாறைகளை அமைத்து, அலைகளை உருவாக்கினார்கள். 2023 ஃப்ரீஸ்டைல் உலகப் போட்டி அங்கேதான் நடந்தது. அணை போன பிறகுதான் அது விளையாடும் இடமானது என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: மகளுக்கு 14 வயது, ஏரியில் நன்றாக ஓட்டுகிறாள். ஒட்டாவா ஆற்றில் சேர்த்துவிடலாமா? என்ன படகு வாங்குவது? (வாசகி, ஸ்கார்பரோ)

தாராளமாக. கனடாவில் பீச்பர்க் பக்கத்து ஒட்டாவா ஆறு கற்பதற்கு அருமையான இடம். ரேபிட் முடிந்ததும் அமைதியான நீர் வந்துவிடும், கவிழ்ந்தாலும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும், கோடையில் தண்ணீர் இதமாகவும் இருக்கும். வசந்த காலத்தில் பனி உருகி ஆறு பெருகியிருக்கும், குளிரும் கடுமை, அப்போது அனுப்பாதீர்கள்.

படகை வயதைப் பார்த்து வாங்காதீர்கள், எடையைப் பாருங்கள். ஃப்ரீஸ்டைல் படகு சுமார் இரண்டு மீட்டருக்குள் இருக்கும், ஒவ்வொரு அளவுக்கும் இவ்வளவு எடைக்கு என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார். வளர்ந்தால் உதவும் என்று பெரிதாக வாங்கினால் அவளால் முனையைத் தண்ணீருக்குள் அமுக்கவே முடியாது, வெறுத்துவிடுவாள். பழைய படகு போதும், ஆனால் இடுப்புப் பட்டைகளும் கால் ஊன்றும் ஃபோமும் அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்த வேண்டும்.

கேள்வி: வயது 38. பக்கத்தில் ஓடும் ஆறும் இல்லை. காலம் கடந்துவிட்டதா? (வாசகர், மதுரை)

இல்லவே இல்லை. அமெரிக்க ஃப்ரீஸ்டைல் வீரர் எரிக் ஜாக்சன் 1964-இல் பிறந்தவர், 2007-இல் ஒட்டாவா ஆற்றில் உலகப் பட்டம் வென்றார், வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வயதில் பார்க்க வேண்டியது தோள்பட்டை. துடுப்பைத் தலைக்கு மேலே, உடம்புக்குப் பின்னால் நீட்டாதீர்கள், முழங்கை எப்போதும் விலாவுக்கு அருகே இருக்கட்டும்.

ஓடாத தண்ணீரிலும் செய்ய நிறைய இருக்கிறது. படகை ஒரு விளிம்பில் சாய்த்து, ஒரு முன் வீச்சில் முனையை மேலே தூக்கி, உடனே அதே துடுப்பின் முதுகால் உடம்பை முறுக்கி முனையைத் தண்ணீருக்குள் அமுக்கப் பழகுங்கள். இதற்கு டபுள் பம்ப் என்று பெயர், படகு சக்கரம்போல முனை மாற்றி முனை புரளும் கார்ட்வீல் இதிலிருந்துதான் பிறக்கிறது. அனுமதி உள்ள ஏரியோ குளமோ போதும், துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும், ஆழம் தலைக்கு மேல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.