பழைய தேக்கு சன்னல் நிலையில் கண்ணாடி பதிக்கலாமா?

கேள்வி: தாத்தா கட்டிய வீட்டை இடித்தபோது ஒரு தேக்கு சன்னல் நிலையை மட்டும் எடுத்து வந்தோம். 3 அடி அகலம், 4 அடி உயரம், சட்டம் 4க்கு 3 அங்குலம். நடுவில் 4 நூல் (அரை அங்குல) கம்பி ஆறு. மேலே பச்சை எனாமல் பெயிண்ட். ரசம் பூசிய கண்ணாடி பதித்து, அடுக்குமாடி வீட்டு ஹாலில் மாட்ட ஆசை. சிலிக்கான் வைத்து ஒட்டி, இரண்டு கொக்கியில் மாட்டிவிடலாம் என்கிறார் தச்சர். சரிதானா?

பதில்: கண்ணாடி பதிக்கலாம், அழகாகவே இருக்கும். ஆனால் இரண்டு கொக்கியில் மாட்டாதீர்கள். எடையைக் கணக்குப் போட்டாலே காரணம் விளங்கும். உங்கள் சட்டத்தின் மொத்த நீளம் சுமார் 14 அடி. அதாவது ஏறத்தாழ 1.2 கன அடி மரம். காய்ந்த தேக்கு கன அடிக்கு 18 கிலோ என்றால் மரமே 21 கிலோ. கம்பிகள் 7 கிலோ. 4 மி.மீ. கண்ணாடி சதுர அடிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஆக 8 கிலோ. பின்பக்கம் 6 மி.மீ. பிளைவுட் 4 கிலோ. எல்லாம் சேர்ந்து 40 கிலோ! இப்போதைய அடுக்குமாடிகளில் பல சுவர்கள் லேசான ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுத் துளைகள் நிறைந்த கான்கிரீட் கல்) அல்லது ஹாலோ பிளாக் (உள்ளே வெற்றிடம் விட்ட கல்). சாதாரண பிளாஸ்டிக் பிளக் அதில் பிடிக்காது. நாள்பட நாள்பட ஓட்டை தளர்ந்து, ஒருநாள் மொத்தமாக வந்துவிடும்.

அதனால் நிலையைத் தொங்கவிடாமல் உட்கார வையுங்கள். ஒன்றரை அடி உயரத்தில் உறுதியான மரப் பெஞ்சு ஒன்று போட்டு, அதன்மேல் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். மேல் மூலைகளில் இரண்டு எல் கிளாம்பை அந்தச் சுவருக்கு ஏற்ற பிளக் போட்டு முடுக்கிவிட்டால், குழந்தைகள் பிடித்து இழுத்தாலும் முன்னால் சாயாது. எடை முழுக்கப் பெஞ்சு வழியாகத் தரைக்குப் போய்விடும். சாயாமல் பிடிக்கிற வேலை மட்டும்தான் சுவருக்கு.

இனி மரம். சுவருக்குள் புதைந்திருந்த பின்பக்கத்தையும் அடிச்சட்டத்தையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த தேக்கு அசையாது. ஓரத்தில் வெள்ளை (வைரம் பாயாத வெளிர் மரம்) இருந்தால் அங்கேதான் உளு வைத்திருக்கும். ஊசி நுனியளவு ஓட்டையிலிருந்து புதிதாக மாவு கொட்டினால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மரக்காப்பு மருந்தை சிரிஞ்சால் ஒவ்வொரு ஓட்டையிலும் ஏற்றி, ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

பெயிண்ட் விஷயத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய எனாமலில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டால் ஈயத்தூள் வீடெங்கும் படியும். குழந்தைகளுக்கு அது விஷம். நெருப்பு காட்டிச் சுரண்டவும் கூடாது, புகையில் கலந்துவிடும். மொட்டை மாடியில் வைத்து, கையுறை போட்டு, பெயிண்ட் ரிமூவரைத் தடவி, பொங்கி எழுந்ததும் பட்டித் தகட்டால் வழித்தெடுங்கள். மிச்சத்தைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். சுரண்டியதைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். காஸ்டிக் சோடா மலிவு என்று சிலர் ஊற்றுவார்கள், தேக்கு கருத்துப்போகும். வேலைப்பாட்டின் இடுக்குகளில் கொஞ்சம் பச்சை தங்கினால் விட்டுவிடுங்கள். மேலே வார்னிஷ் ஏறினால் அது உதிராது. அந்தச் சன்னலின் வயதையும் அதுதான் காட்டும்.

கம்பிகளை எடுப்பதா வேண்டாமா என்பது கண்ணாடி எதற்கு என்பதைப் பொறுத்தது. ஹாலுக்கு வெளிச்சம் கூட்டத்தான் என்றால் இருக்கட்டும். கம்பி இருந்தால்தான் அது சன்னல். முகம் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கம்பியையும் நடுவில் அறுத்து, பைப் ரெஞ்சால் திருகி உருவிவிட்டு, ஓட்டையைத் தேக்குக் குச்சியால் அடையுங்கள்.

தச்சர் சொன்ன சிலிக்கானில் ஒரு சிக்கல். கடையில் சாதாரணமாகத் தருவது வினிகர் வாடை அடிக்கும் வகை. அதிலுள்ள அமிலம் கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் வெள்ளிப் பூச்சைத் தின்றுவிடும். சில மாதங்களில் கறுப்புத் திட்டு திட்டாகத் தெரியும். ‘நியூட்ரல்’ என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள். அதைவிட நல்லது, ஒட்டாமலே வைப்பது: பின்பக்கமாகக் கண்ணாடியைப் பொருத்தி, சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி விட்டு, பீடிங் (மெல்லிய மரப்பட்டி) அடித்து, அதன்மேல் பிளைவுட்டை ஸ்க்ரூ போட்டு மூடுங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பினாலும் கண்ணாடி விரிசல் விடாது. உடைந்தால் மாற்றுவதும் எளிது.

பாலிஷ் வேலையைக் கண்ணாடி பதிப்பதற்கு முன்பே முடியுங்கள். 120, பிறகு 220 உப்புத்தாள். பெயிண்ட் மிச்சமுள்ள இடத்தில் மட்டும் ஈரத்தோடு. தேக்கில் இயல்பாகவே எண்ணெய் கசிவதால், பூசுமுன் தின்னர் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்தால்தான் வார்னிஷ் சீராகக் காயும். முதல் கோட் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து, அடுத்த இரண்டு கோட் அதிகம் நீர்க்காமல். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள். வார்னிஷுக்குப் பதிலாக ஆளிவிதை எண்ணெய் பூசுவதென்றால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப் போடுங்கள்.

கொண்டி, கீல் ஏதாவது காணாமல் போயிருந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடிப் பாருங்கள். அளவை எழுதிக்கொண்டு போக மறக்காதீர்கள்.