ஆறுதலா ஏறுங்கோ: கிளிமஞ்சாரோ கேள்வி பதில்

போன இதழில நான் ஆபிரிக்காவில, தான்சானியாவில இருக்கிற கிளிமஞ்சாரோ மலைக்குப் போய் வந்த கதையை நாலு வரிதான் எழுதினன், அதுக்கு இவ்வளவு கடிதம் வருமெண்டு நினைக்கேல்லை. மலை எண்டால் கீரிமலைதான் ஞாபகம் வாற ஊர் எங்கட ஊர், அங்கயும் இருக்கிறது கேணிதான். சரி, கேள்வியளுக்கு வருவம்.

"என்ர மகனுக்கு 28 வயசு, கனடாவில இருக்கிறான், ஒவ்வொரு நாளும் ஜிம்முக்குப் போறவன். மரங்கு பாதையால 5 நாளில ஏறி இறங்கலாமெண்டு ஒரு கொம்பனி சொல்லுதாம். 7 நாள் எண்டால் காசு கூடவாம். எதை எடுக்கச் சொல்ல?" – ஒரு அம்மா, சுன்னாகம்

அம்மா, சப்பாத்தை இரவல் வாங்கட்டும், ஜக்கெற்றை மலையடிவாரத்தில இருக்கிற மோஷி ரவுணில வாடகைக்கு எடுக்கட்டும், நாளில மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. மரங்குப் பாதையில முதல் இரவு மந்தாரா குடில் 2720 மீற்றர், அடுத்தது ஹொரொம்போ 3720, அடுத்தது கீபோ 4720, அண்டைக்கு நடுச்சாமமே எழுப்பி உச்சிக்கு, அது 5895. நாளுக்கு 1000 மீற்றர் படி ஏறுது பாருங்கோ. 3000 மீற்றருக்கு மேல போனால் படுக்கிற இடத்தை ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல உயர்த்தாதேங்கோ எண்டுதான் மலை வைத்தியம் தெரிஞ்ச டொக்டர்மார் சொல்லுறது. உச்சியில காத்தழுத்தம் எங்கட கடற்கரையில இருக்கிறதில பாதி அளவுதான், ஒரு மூச்சுக்கு உள்ள போற ஒட்சிசனும் பாதிதான், அதுக்கு உடம்பு பழக நாள் வேணும், ஜிம்மில கட்டின கை பழக்காது. சொல்லப்போனால் பெலமான பெடியள்தான் கெதியா நடந்து கெதியா விழுறது.

மஷாமே பாதையில 7 நாள் எண்டால் பகல் லாவா ரவர் எண்ட 4600 மீற்றர் இடத்துக்கு ஏத்திப்போட்டு, பின்னேரம் 4000க்குக் கீழ கொண்டுவந்து படுக்க விடுவினம். மேல போய்ப் பழகு, கீழ வந்து படு, அவ்வளவுதான் சூத்திரம். அங்க வழிகாட்டியளின்ர வாயில நாள் முழுக்க ஒரே சொல்லுத்தான், "போலே போலே". சுவாகிலி. எங்கட ஆச்சிமார் சொல்லுற "ஆறுதலா மோனை"தான் அது, வேறை ஒண்டுமில்லை.

நான் 6 நாளில மரங்கால போன ஆள். உச்சி இரவு தலையிடி, சத்தி, 5685 மீற்றர் கில்மன்ஸ் பொயின்ற்றில வழிகாட்டி என்னை நிப்பாட்டி, ஒரு காலின்ர குதி மற்றக் காலின்ர பெருவிரலில முட்ட முட்ட நேர்கோட்டில நடவெண்டார், நான் கோவில் திருவிழாவில கள்ளுக் குடிச்ச ஆள் மாதிரி ஆடினன், உடனே "கீழ" எண்டு கையைக் காட்டிப்போட்டார். உச்சிக்கு இன்னும் 210 மீற்றர் உயரம்தான், எனக்கு அழுகை வந்தது, மன்றாடியும் பாத்தன். மனுசன் அசையேல்லை. நடை தடுமாறினால் மூளையில நீர் கோக்கத் தொடங்கிற்று எண்டு அர்த்தமாம், அதுக்கு முதல் மருந்து இறங்கிறதுதான். கீபோ குடிலுக்கு வந்து ஒரு மணித்தியாலத்தில தலை தெளிஞ்சுது. மகனிட்ட இந்தக் கதையைச் சொல்லுங்கோ.

"சிவனொளிபாதமலைக்கு நாங்களே போறம்தானே, கிளிமஞ்சாரோவில மட்டும் ஏன் வழிகாட்டி? மற்றாக்கள் எங்கட பையைச் சுமக்கிறது வெக்கமா இல்லையோ?" – தம்பி ஒராள், கரவெட்டி

சிவனொளிபாதம் 2243 மீற்றர், வழி நெடுகப் படியும் தேத்தண்ணிக் கடையும். இது அப்பிடி இல்லை தம்பி, 1991இல இருந்து அனுமதி உள்ள வழிகாட்டி இல்லாமல் ஏற விடமாட்டினம். 1889இல ஹான்ஸ் மேயரும் புர்ட்செல்லரும் முதல் ஏறினவை எண்டு படிக்கிறம், அவையளுக்கு வழி காட்டினது யொஹானி லாவோ எண்ட சாக்கா இனத்துப் பெடியனெண்டு அங்க சொல்லுவினம், அவற்ர பேரை ஆர் சொல்லுறது? சுமை ஒராளுக்கு 20 கிலோதான், வாசலில தராசு வச்சிருக்கினம். வெக்கப்பட வேண்டாம், அது அவையின்ர தொழில், ஆனால் கொம்பனியிட்ட சுமக்கிற ஆக்களுக்கு நாளுக்கு என்ன சம்பளம், எத்தினை நேரச் சாப்பாடு எண்டு முதலே கேளுங்கோ. மழுப்பினால் வேறை ஆளைப் பாருங்கோ.

"எரிமலையாமே, வெடிக்காதோ?" – மாணவி, சாவகச்சேரி

ஷிரா, மாவென்சி, கீபோ எண்டு மூண்டு கூம்பு. முதல் ரெண்டும் அணைஞ்சது. கீபோ நித்திரை, குழியில இப்பவும் கந்தக ஆவி வரும். நீங்கள் ஏறிற கிழமையில எழும்பாது தங்கச்சி.

"வயசு 56, பிரஷர் குளிசை போடுறனான். உயரத்தில வாற வருத்தத்துக்குப் போடுற டயமொக்ஸ் குளிசையைப் போட்டுக்கொண்டு போகலாமோ? யாழ்ப்பாணத்தில எங்க பயிற்சி எடுக்கிறது?" – ஓய்வுபெற்ற ஆசிரியர், நெல்லியடி

சேர், குளிசைக் கதையை உங்கட டொக்டரோட நேர கதையுங்கோ, சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாட்டில் அதையும் மறக்காமல் சொல்லுங்கோ. டயமொக்ஸ் போட்டால் விரல் நுனி விறுவிறுக்கும், ஒண்டுக்குப் போய்ப் போய் அலுக்கும், மைனஸ் குளிரில கூடாரத்தை விட்டு எழும்பிறது பெரிய தண்டனை. பயிற்சிக்கு உங்களுக்குப் பக்கத்தில மணற்காடு இருக்கே! உச்சி இரவில மிதிக்கிறது சாம்பலும் சரளையும், ஒரு அடி வச்சால் அரை அடி வழுக்கும், அந்த மணல் மேட்டில முதுகில பையோட விடிய வெள்ளன ஒரு மணித்தியாலம் ஏறி இறங்குங்கோ, அச்சொட்டா அதேதான். தண்ணிப் போத்தலைத் தலைகீழா வைக்கப் பழகுங்கோ, ஐஸ் மேல்பக்கத்தால பிடிக்கிறதால மூடி இறுகாது.

மேல சாப்பாடு மனமே வராது, எனக்கு இறங்கினது பிளேன்ரீயும் பனங்கட்டியும்தான். தான்சானியாவில 2019இல இருந்து சொப்பின் பைக்குத் தடை, எயாப்போட்டிலயே வாங்கி வச்சிருவினம். பனங்கட்டியைக் குட்டானோடயே கொண்டு போங்கோ.